மூன்று புரொஜெக்டர், ஒரே படம்: சுவரில் தொடங்கிக் கணினிக்கு வாருங்கள்

மேடை முழுக்க ஒரே அகலப் படம் வேண்டும், மூன்று புரொஜெக்டர் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டு என்னை அழைப்பவர்கள் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான். அடுத்த கேள்வி பிராசசரைப் பற்றி, ‘ஐ9 வேணுமா, ஐ7 போதுமா?’ நான் திருப்பிக் கேட்பது வேறு. சுவர் எவ்வளவு அகலம், படத்துக்கு எவ்வளவு உயரம், சுவரில் என்ன பெயின்ட், நிகழ்ச்சி நேரத்தில் அங்கே வேறென்ன விளக்கு எரியும்? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் வாங்கிய கணினி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் படத்தைக் காப்பாற்றாது. சுவர் புரொஜெக்டரை முடிவு செய்யும், புரொஜெக்டர் கேபிளை, கேபிள் கார்டை. கணினி கடைசியில்தான் வரும். நான் வேலை செய்கிற வரிசை இதுதான், இந்தக் குறிப்பும் அதே வரிசையில் போகிறது.

கணக்கெல்லாம் காற்றில் போட வேண்டாம் என்று ஒரு மேடையை எடுத்துக்கொள்கிறேன். கோவைப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கம். நிகழ்ச்சி நாட்டிய நாடகம். பின்சுவரில் இரண்டு பக்கமும் தொங்கும் விங் துணி (பக்கத் திரை) போக 13 மீட்டர் அகலம் கிடைக்கிறது. படம் மேடைத் தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொடங்கி 4 மீட்டரில் முடிய வேண்டும். அதாவது 3 மீட்டர் உயரப் படம். பின்னணியில் கடல் அலை வரும், தெரு வரும், ஒரு படகு இடமிருந்து வலமாக மேடை முழுக்கக் கடந்து போகும். இந்தப் படகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் வேலையில் எங்கே தவறு இருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

சுவரும் வெளிச்சமும்

வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும் மேடைப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் 1920க்கு 1200 புள்ளிகள் (பிக்சல்) கொண்டவை. 16க்கு 10 விகிதம். 3 மீட்டர் உயரம் என்றால் ஒரு புரொஜெக்டரின் படம் 4.8 மீட்டர் அகலம். மூன்றை அப்படியே ஒட்டி வைத்தால் 14.4 மீட்டர் வரும். ஆனால் ஒட்டி வைக்கக் கூடாது. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, இரண்டும் மெல்ல மங்கிக் கலக்க வேண்டும், அப்போதுதான் இணைப்பு தெரியாது. நான் 15 சதவீதம் ஏற்றுகிறேன். 1920 புள்ளியில் அது 288, சுவரில் 72 சென்டிமீட்டர். இரண்டு இணைப்புக்கு 1.44 மீட்டர் கழிந்தால் மொத்தப் படம் 12.96 மீட்டர். நம் சுவருக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மங்கல் மிகச் சரிவாக விழுந்து கோடு போல் தெரியும். 20க்கு மேல் போனால் வாடகை கொடுத்த புள்ளிகளை வீணாக்குகிறோம்.

‘இரண்டு போதாதா?’ என்று செலவைப் பார்த்துக் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அதே 13 மீட்டரை இரண்டால் மூட ஒவ்வொன்றும் 7 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரம் விரிய வேண்டும். நமக்குத் தேவை 3 மீட்டர் உயரம்தான், மீதி 1.4 மீட்டர் வெளிச்சம் வீண். ஒரு புள்ளியின் அளவு 2.5 மில்லிமீட்டரிலிருந்து 3.7க்குப் போகும். வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கும்.

வெளிச்சத்தைக் கணக்கிடுவது எளிது. புரொஜெக்டர் வெளியிடும் மொத்த வெளிச்சமான லூமனைப் படத்தின் பரப்பளவால் வகுத்தால், சுவரில் விழும் வெளிச்சத்தின் அளவான லக்ஸ். 4.8 பெருக்கல் 3 என்றால் 14.4 சதுர மீட்டர். 7000 லூமன் புரொஜெக்டர் இதில் 486 லக்ஸ் தர வேண்டும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஓடிய மணிநேரம், ஃபில்டர் தூசி, நிறத்தைச் சரிசெய்யும்போது போகும் வெளிச்சம் எல்லாவற்றையும் கழித்து நான் 70 சதவீதம்தான் எடுத்துக்கொள்வேன். 4900 லூமன், 340 லக்ஸ். அரங்கில் இது போதுமா என்பதை முடிவு செய்வது புரொஜெக்டர் இல்லை, லைட் போடுபவர். அவர் நடனக் காட்சிக்கான விளக்குகளைப் போட்டதும் புரொஜெக்டரை மூடி வைத்துவிட்டுச் சுவரில் லக்ஸ் மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். 30 லக்ஸ் காட்டினால் நம்முடையது அதைப் போல் 11 மடங்கு, படம் நிற்கும். 100 காட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும், 7000ஐ 10000 ஆக்கினாலும் பெரிதாக உதவாது. முன்பக்கம் இருந்து அடிக்கும் பொது வெளிச்சத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் இருந்து நடனமாடுபவர்மேல் மட்டும் விழும்படி மாற்றச் சொல்லுங்கள். பத்து மடங்குக்குக் குறையாமல் வைத்திருப்பது என் அளவுகோல்.

பகலில் திறந்தவெளி மேடை, அல்லது வரவேற்பு போல முழு வெளிச்சத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் நான் புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அங்கே எல்.இ.டி. சுவர்தான் சரி. புரொஜெக்டரின் இடம் இருட்டு. இருட்டைக் கட்டுப்படுத்த முடிகிற இடத்தில் அது தரும் மென்மையை எல்.இ.டி. தராது, அதற்காகவே நான் இந்த வேலையை விரும்புகிறேன்.

சுவரின் பெயின்ட் மேட் வெள்ளையாக இருக்கட்டும். மினுமினுப்பான பெயின்டில் புரொஜெக்டரின் விளக்குப் புள்ளி கண்ணில் அடிக்கும். நடுவரிசையில் உட்கார்ந்தவருக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் இணைப்பு வெவ்வேறு விதமாகத் தெரியும்.

எங்கே மாட்டுவது

லென்ஸின் தூர விகிதம் என்பது புரொஜெக்டரிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது. லென்ஸில் 1.35 முதல் 2.10 வரை என்று போட்டிருந்தால், 4.8 மீட்டர் படத்துக்கு 6.5 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நம் அரங்கில் 6.5 மீட்டர் என்பது மேடையின் முன் விளிம்புக்கு மேலே, முகப்புத் துணிக்குப் பின்னால் வருகிறது. பார்வையாளர் கண்ணில் படாது.

உயரம்தான் உண்மையான சிக்கல். ஆடுபவரின் நிழல் சுவரில் விழக் கூடாது. இதற்குப் பலரும் பின்னால் இருந்து படம் அடிக்கும் திரை வேண்டும் என்பார்கள், ஆனால் சுவருக்குப் பின்னால் 6 மீட்டர் இடம் உள்ள மேடை நம் ஊரில் அபூர்வம். மேலே இருந்து அடிப்பதே வழி. மேலே தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் படம் சரிவகமாகும். அதைப் புரொஜெக்டர் மெனுவில் உள்ள கீஸ்டோன் திருத்தத்தால் சரிசெய்யாதீர்கள். கீஸ்டோன் படத்தைப் புள்ளி அளவில் நசுக்குகிறது, கூர்மை போகும், பயன்படாத ஓரப் புள்ளிகள் சாம்பல் சட்டமாகச் சுவரில் தெரியும். லென்ஸ் ஷிஃப்ட் உள்ள புரொஜெக்டரை எடுங்கள். அது லென்ஸையே நகர்த்துகிறது, புள்ளிகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. செங்குத்தாக 60 சதவீதம் ஷிஃப்ட் என்றால் படத்தின் உயரத்தில் 60 சதவீதம், நடுவிலிருந்து கணக்கு. நம் படத்தின் நடு 2.5 மீட்டரில், 3 மீட்டரில் 60 சதவீதம் 1.8. ஆக லென்ஸை 4.3 மீட்டர் உயரத்தில் நேராக, சாய்க்காமல் மாட்டலாம்.

இப்போது ஒரு தாளில் பக்கவாட்டுப் படம் வரையுங்கள். 6.5 மீட்டர் தூரத்தில் 4.3 மீட்டர் உயரத்திலிருந்து படத்தின் கீழ் விளிம்புக்கு ஒரு கோடு. சுவரிலிருந்து 2.5 மீட்டரில் அந்தக் கோடு ஏறக்குறைய 2.27 மீட்டர் உயரத்தில் போகிறது. கையைத் தூக்கி நிற்கும் நடனமணிக்கு மேலே. ஆக, சுவரிலிருந்து 2.5 மீட்டரில் தரையில் வெள்ளை டேப் ஒட்டி, ‘அம்மா, இந்தக் கோட்டுக்குப் பின்னால் யாரும் போக வேண்டாம்’ என்று நட்டுவனாரிடமோ ஆசிரியையிடமோ முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட வேண்டும். அதே இடைவெளி லைட்காரருக்கும் உதவுகிறது, அவருடைய விளக்கு சுவரில் சிந்துவது குறையும்.

மூவிங் ஹெட் விளக்குகள் மாட்டியிருக்கும் அதே குழாயில் புரொஜெக்டரை மாட்டாதீர்கள். அந்த விளக்குகள் திரும்பும் ஒவ்வொரு முறையும் குழாய் ஆடும், மூன்று படமும் தனித்தனியாக நடுங்கும், இணைப்பு இரண்டாகப் பிளந்து தெரியும். திறந்தவெளித் திருவிழா மேடையில் சவுக்குக் கட்டைச் சாரமும் இதே தொல்லை தரும். இரும்புச் சாரம் கேளுங்கள், நிகழ்ச்சி நடக்கும்போது அதில் யாரும் ஏறக் கூடாது. ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் கிளாம்ப் தவிரத் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிக் கயிறு கட்டாமல் நான் கீழே யாரையும் நிற்க விடுவதில்லை.

மூன்றும் ஒரே மாடல்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே லென்ஸ், முடிந்தால் ஏறக்குறைய ஒரே மணிநேரம் ஓடியவை. ஒரு வாடகைக் கடை எங்களுக்கு இரண்டை ஒரே மாடலாகவும் மூன்றாவதை ‘அதே லூமன்தான் சார், வித்தியாசமே தெரியாது’ என்று வேறு மாடலாகவும் அனுப்பியது. நிறத்தை ஒருவழியாக நெருக்கிக் கொண்டுவந்தோம். ஆனால் உள்ளே படத்தைக் கையாளும் நேரம் அந்த மாடலில் அதிகம். படகு இரண்டாவது இணைப்பைக் கடக்கும்போது முன்பாதி பின்தங்கி நின்றது. இதற்கு அமைப்பில் எந்தத் திருத்தமும் இல்லை, மாற்றிக் கொடுக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லாம்ப் வகையா லேசர் வகையா என்றால், இணைக்கும் வேலைக்கு லேசர். லாம்ப் ஒவ்வொன்றும் தன் போக்கில் மங்கும், நிறமும் மாறும். லேசர் மெதுவாக, சீராகத் தேயும். வெளிச்சம் பாதியாக 20000 மணிநேரம் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு. திடீரென்று கரன்ட் போனால் சூடான லாம்ப் மறுபடி எரிய நேரம் எடுக்கும் என்பதும் நம் ஊரில் பெரிய காரணம்.

லூமனைவிடக் கறுப்பின் தரத்தைப் பாருங்கள். எந்தப் புரொஜெக்டரும் முழுக் கறுப்பு தராது, கொஞ்சம் வெளிச்சம் கசியும். இரண்டு படம் ஏறியிருக்கும் 72 சென்டிமீட்டர் பட்டையில் அந்தக் கசிவு இரண்டு மடங்கு. இரவுக் காட்சியில் இரண்டு செங்குத்துப் பட்டைகள் தெரியும். மென்பொருளில் மற்ற இடங்களின் கறுப்பை அதே அளவுக்குத் தூக்கி மறைக்கலாம், ஆனால் அது முழுப் படத்தையும் வெளிறச் செய்கிறது. நான் அனிமேஷன் செய்பவரிடமே பேசிவிடுவேன். இரவு என்றால் வெறும் கறுப்பு வேண்டாம், கருநீல வானம், மேகம், நட்சத்திரம் என்று ஏதாவது அசைவு இருக்கட்டும். பட்டை அதில் கரைந்துவிடும்.

கேபிள்

கணினியை எங்கே வைக்கப்போகிறீர்கள்? பலரும் அரங்கின் பின்வரிசையில், சவுண்ட் டெஸ்க் பக்கத்தில் வைக்க ஆசைப்படுவார்கள். நான் கணினியை மேடையின் பக்கவாட்டில் வைத்துவிட்டு, பின்வரிசையிலிருந்து நெட்வொர்க் வழியாக லேப்டாப்பில் இயக்குவேன். நெட்வொர்க் கேபிளில் ஒரு நொடி தடங்கல் வந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். பட கேபிளில் தடங்கல் வந்தால் எல்லோருக்கும் தெரியும்.

செம்பு எச்.டி.எம்.ஐ. கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். அதைத் தாண்டினால் மூன்று வழி உண்டு. எச்.டி.பேஸ்டி எக்ஸ்டெண்டர், அதாவது படத்தை நெட்வொர்க் வகைக் கேபிளில் தூரம் கொண்டுபோகும் பெட்டி, நான் அதிகம் எடுப்பது. கேட்6 கேபிளில் தரமான பெட்டி 100 மீட்டர் வரை கொண்டுபோகும், மலிவுப் பெட்டிகள் 70 மீட்டர். இதில் இரண்டு எச்சரிக்கை. கேட்6 தூய செம்பாக, ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும். கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, நெட்வொர்க்குக்கு எப்படியோ ஓடும், படத்துக்கு ஓடாது. அடுத்தது, பார்க்க நெட்வொர்க் கேபிள் போலவே இருந்தாலும் இது நெட்வொர்க் இல்லை. நடுவே நெட்வொர்க் ஸ்விட்சில் குத்தினால் படம் வராது.

ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிள் நல்லது, மின்சாரத் தொடர்பைக் கிட்டத்தட்ட அறுப்பதால் எர்த் கோளாறு பாதிக்காது. ஆனால் அதற்குத் திசை உண்டு. கணினி முனை எது, திரை முனை எது என்று எழுதியிருக்கும், மாற்றிக் குத்தினால் ஒன்றும் வராது. கூர்மையாக மடக்கினால் உள்ளே உடையும். மூன்றாவது வழியான எஸ்.டி.ஐ. டி.வி. ஆட்களுக்குப் பழக்கமான கேபிள் முறை, உறுதியானது, ஆனால் வழக்கமான 3ஜி எஸ்.டி.ஐ. 1920க்கு 1080தான் தரும். 1200 வரிசை உள்ள புரொஜெக்டரில் 120 வரிசையை இழக்கிறோம். அந்த வழியில் போவதென்றால் தொடக்கத்திலேயே கணக்கை 1080க்கு மாற்றிவிடுங்கள்.

மூன்று தேவையென்றால் நான்கு கேபிள் இழுங்கள். இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். இடம், நடு, வலம் என்று பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்து எழுத வேண்டும். மேடைக்காரர்களின் வலமும் நம் வலமும் எதிரெதிர்.

கிராபிக்ஸ் கார்டு, கணினி

இப்போது கார்டு. ஒரே கார்டில் நான்கு வெளியீடு வேண்டும்: மூன்று புரொஜெக்டருக்கு, ஒன்று இயக்குபவரின் மானிட்டருக்கு. சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டிலும் பெரும்பாலும் நான்கு இருக்கும். இருந்தாலும் நான் என்விடியா ஆர்.டி.எக்ஸ். ஏ4000 போன்ற தொழில்முறைக் கார்டைத்தான் சொல்வேன். நான்கு டிஸ்ப்ளேபோர்ட், 16 ஜி.பி. நினைவகம், 140 வாட், ஒரே ஸ்லாட் தடிமன். ஆனால் நான் காசு கொடுப்பது வேகத்துக்காக இல்லை, இரண்டு வசதிகளுக்காக.

முதலாவது மொசைக். மூன்று வெளியீட்டையும் சேர்த்து விண்டோஸுக்கு ஒரே 5760க்கு 1200 திரையாகக் காட்டும். மூன்றும் ஒரே நொடியில் புதுப்பிக்கும், படகு இணைப்பில் வெட்டுப்படாது. இரண்டாவது, இ.டி.ஐ.டி.யைப் பூட்டி வைக்கும் வசதி.

இந்த இ.டி.ஐ.டி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகழ்ச்சியன்று மேடையில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. ஒவ்வொரு புரொஜெக்டரும் கேபிள் வழியாகத் தன் பெயர், தன்னால் காட்ட முடிந்த அளவுகள் ஆகியவற்றைக் கணினிக்குச் சொல்கிறது. புரொஜெக்டர் அணைந்தாலோ, கேபிள் ஒரு கணம் தளர்ந்தாலோ, அந்தத் தகவல் நிற்கிறது. திரை போய்விட்டது என்று விண்டோஸ் முடிவு செய்து மிச்சத்தை மறுபடி அடுக்குகிறது. இடதில் இருந்த படம் நடுவுக்கு வரும், மென்பொருளின் கட்டுப்பாட்டுச் சாளரம் 5 மீட்டர் அகலத்தில் சுவரில் விரியும். கேபிள் திரும்பி வந்தாலும் பழைய வரிசை வராது.

தொழில்முறைக் கார்டின் கண்ட்ரோல் பேனலில் மூன்று புரொஜெக்டரும் எரிந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றின் இ.டி.ஐ.டி.யையும் ஒரு கோப்பாகச் சேமித்து, அதே வெளியீட்டில் நிரந்தரமாக ஏற்றிவிடலாம். அதன் பிறகு கேபிளே இல்லாவிட்டாலும் புரொஜெக்டர் அங்கே இருப்பதாகத்தான் கணினி நினைக்கும். இந்த வசதி இல்லாத கார்டு என்றால், கணினி முனையில் செருகும் சின்ன இ.டி.ஐ.டி. எமுலேட்டர் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. சில எக்ஸ்டெண்டர் பெட்டிகளிலேயே இதற்கான ஸ்விட்ச் இருக்கும். எப்படிச் செய்தாலும் ஒரு சோதனை கட்டாயம்: படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுக் கேபிளைப் பிடுங்குங்கள், பத்து நொடி கழித்து மாட்டுங்கள். படம் அதே இடத்தில் திரும்பி வந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள்.

இயக்குபவரின் மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். 144 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படம் ஏன் தடுக்குகிறது என்று தேடுபவர்கள் உண்டு. யூ.எஸ்.பி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ. எடுக்கும் மலிவு அடாப்டர் ஆபீஸ் வேலைக்கானது, மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். நான்கைத் தாண்டி ஆறு, எட்டுப் புரொஜெக்டர் என்றால் இரண்டாவது கார்டு போடுவதற்குமுன் டேட்டாபாத் எஃப்.எக்ஸ்.4 போன்ற பெட்டியை யோசியுங்கள். ஒரு 4கே வெளியீட்டை வாங்கி நான்காகப் பிரித்துத் தரும். இரண்டு கார்டு என்றால் ஒத்திசைவுக்குத் தனி சிங்க் கார்டும் வேண்டும், அது வேறு அளவு வேலை.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டுக் கோர் பிராசசர், 32 ஜி.பி. நினைவகம் இரண்டு துண்டாக, நம்பகமான பவர் சப்ளை, காட்சிக் கோப்புகளுக்கென்று தனி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. இந்தக் கடைசிப் பொருள் ஏன் என்பதைக் கோப்பின் கணக்கு சொல்லும்.

கோப்பு

நம் படத்தின் அளவு 5760 இல்லை. இரண்டு இணைப்பில் 288 வீதம் கழித்து 5184க்கு 1200. இந்த எண்ணை எழுதி அனிமேஷன் செய்பவரிடம் முதல் நாளே கொடுங்கள், கூடவே இணைப்பு விழும் இடங்களைக் கோடிட்ட ஒரு மாதிரிப் படமும். முகம், எழுத்து, தெய்வ உருவம் எதுவும் அந்தப் பட்டைகளில் வரக் கூடாது.

வீடியோவைச் சுருக்கும் வழக்கமான முறையான எச்.264 இந்த அகலத்துக்கு ஒத்துவராது. பல கார்டுகளில் அதன் வன்பொருள் வழி 4096 அகலத்தோடு நின்றுவிடும், மிச்சத்தைப் பிராசசர் சுமக்க வேண்டியிருக்கும். ஹாப் என்ற கோடெக்கில் (வீடியோ சுருக்க முறையில்) கொடுக்கச் சொல்லுங்கள். விரிக்கும் பெரும்பகுதி வேலையைக் கார்டே செய்துகொள்ளும், தாவித் தாவி ஓட்டினாலும் தடுக்காது. விலை கோப்பின் எடை. ஹாப் கியூ வகையில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேம் 6.2 மெகாபைட், நொடிக்கு 30 ஃபிரேமில் 187 மெகாபைட். பத்து நிமிடம் 112 ஜிகாபைட் வரை போகலாம், ஹாப் அதன்மேல் செய்யும் இன்னொரு சுற்றுச் சுருக்கம் அதைக் கொஞ்சம் குறைக்கும். இரண்டு காட்சி ஒன்றில் ஒன்று கரையும்போது இரட்டிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் இங்கேயே நின்றுவிடும். சாட்டா எஸ்.எஸ்.டி. தாங்கும், என்.வி.எம்.இ. அலட்டாமல் ஓடும்.

நம் ஊர் வீடியோ ஸ்டுடியோக்கள் பழக்கத்தில் நொடிக்கு 25 ஃபிரேமில் வெளியிடுவார்கள். 60 ஹெர்ட்ஸ் புரொஜெக்டரில் அது சமமாக வகுபடாது. சில ஃபிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையுமாகக் காட்டப்படும். நின்ற படத்தில் தெரியாது. பக்கவாட்டில் போகும் படகு துள்ளித் துள்ளிப் போகும். 30 அல்லது 60இல் கேளுங்கள். 25இல்தான் வரும் என்றால் எல்லாப் புரொஜெக்டரையும் மானிட்டரையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

அமைக்கும் நாள்

புரொஜெக்டர்களை ஏற்றி அரை மணிநேரம் வெள்ளைப் படத்தோடு ஓட விடுங்கள். லென்ஸ் சூடேறும்போது படம் சில புள்ளிகள் நகரும், குளிர்ந்த நிலையில் வரிசைப்படுத்தினால் நிகழ்ச்சியின்போது கலைந்திருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொன்றின் மெனுவிலும் தானாக மாறும் எல்லாவற்றையும் அணையுங்கள்: ஆட்டோ ஐரிஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ, ஆட்டோ கீஸ்டோன், சிக்னல் இல்லையென்றால் அணைவது. பட முறையில் பளிச்சென்ற டைனமிக் வேண்டாம், பச்சை அடிக்கும்.

பிறகு கட்டம். இடது புரொஜெக்டருக்குச் சிவப்புக் கோட்டுக் கட்டம், நடுவுக்குப் பச்சை, வலதுக்கு மறுபடி சிவப்பு. ஏறியிருக்கும் பட்டையில் சிவப்பும் பச்சையும் சரியாகப் பொருந்தினால் கோடு மஞ்சளாகும். விலகினால் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும். முதலில் லென்ஸ் ஷிஃப்ட், ஜூம், கிளாம்ப் இவற்றாலேயே முடிந்தவரை கொண்டுவாருங்கள். கடைசி சில புள்ளிகளை மட்டும் மென்பொருளின் வார்ப்புக்கு (படத்தை வளைத்துத் திருத்தும் வசதிக்கு) விடுங்கள்.

மென்பொருளில் நான் ரெசொலூம் அரீனா பயன்படுத்துகிறேன். அதே கம்பெனியின் அவென்யூவில் இந்த இணைப்பு வசதி கிடையாது, வாங்கும்போது கவனியுங்கள். கம்போசிஷனை, அதாவது மொத்தப் படப் பரப்பை, 5184க்கு 1200 என வைத்து, 1920 அகலத்தில் மூன்று துண்டு எடுங்கள். முதலாவது 0இல் தொடங்கும், இரண்டாவது 1632இல், மூன்றாவது 3264இல். வெளியீட்டுப் பக்கம் அவற்றை மொசைக் திரையில் 0, 1920, 3840இல் பக்கம் பக்கமாக அடுக்கி, ஓரத்தை மங்கச் செய்யும் சாஃப்ட் எட்ஜை இயக்குங்கள். மங்கல் புரொஜெக்டருக்குள்ளும் இருக்கும், மொசைக்கிலும் ஏற்றம் வைக்க வழி இருக்கும், மென்பொருளிலும் இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் செய்தால் பட்டை கறுத்துவிடும்.

நிறத்தைச் சாம்பலில் பாருங்கள், வெள்ளையில் பார்க்காதீர்கள். பாதிச் சாம்பல் படம் போட்டு, மூன்றில் மங்கலானதற்கு மற்ற இரண்டையும் இறக்குங்கள். பட்டை வெளிச்சமாகத் தெரிந்தால் மங்கலின் காமாவை, அதாவது மங்கும் வளைவை, நகர்த்துங்கள், 2.2இல் தொடங்கலாம். இதை மேடையில் நின்று செய்யாதீர்கள். அரங்கின் நடுவரிசையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

விண்டோஸில்: தூக்கம், ஸ்க்ரீன்சேவர், அறிவிப்புகள், தானியங்கி அப்டேட் எல்லாம் அணையட்டும். டிஸ்ப்ளே ஸ்கேலிங் எல்லாத் திரைக்கும் 100 சதவீதம். பவர் முறை உயர்செயல்திறன். டெஸ்க்டாப் முழுக்கக் கறுப்பு, டாஸ்க்பார் இயக்குபவரின் மானிட்டரில் மட்டும். வைஃபை அணைத்துவிடுங்கள். பயாஸில் கரன்ட் திரும்பியதும் தானாக எழும்படி வைக்கலாம்.

புரொஜெக்டர்களுக்கு நிலையான ஐ.பி. எண் கொடுத்து, நெட்வொர்க்கில் புரொஜெக்டரை இயக்கும் பொது முறையான பிஜேலிங்க் வழியாக இயக்கினால் ரிமோட்டோடு மேடையில் நடக்க வேண்டியதில்லை. அது 4352ஆம் போர்ட்டில் பேசும், பெரும்பாலான கம்பெனிகளின் மேடைப் புரொஜெக்டர்கள் ஏற்கும். ரிமோட் ஒன்றை அழுத்தினால் மூன்றும் கேட்டுக்கொள்ளும் தொல்லையும் தீர்ந்தது.

கரன்ட்

7000 லூமன் லேசர் ஒன்று ஏறக்குறைய 500 வாட். மூன்றும் கணினியும் சேர்ந்து 2 கிலோவாட். 3 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ். ஒன்று போதும். மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளை அது தாங்கினாலே நமக்கு வேலை முடிந்தது. புரொஜெக்டர், கணினி, எக்ஸ்டெண்டர் எல்லாம் ஒரே ஃபேசில், ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். கணினி ஒரு ஃபேஸ், புரொஜெக்டர் வேறு ஃபேஸ், நடுவே உலோகக் கேபிள் என்றால் படம் விட்டு விட்டுப் போகும், சில நேரம் போர்ட்டே எரியும். சீரியல் செட்டும் டிம்மரும் ஓடும் லைனில் கண்டிப்பாக வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் ‘எர்த் இருக்கு சார்’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் எவ்வளவு என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் போனால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

புரொஜெக்டரை வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொரு அரங்கும் வேறு லென்ஸ், வேறு வெளிச்சம் கேட்கும். வாங்கி வைத்தால் பாதி நாள் தூசி படியும். ஒப்பந்தத்தில் மாடல் பெயர், லென்ஸ் எண், மூன்றும் ஒரே மாடல் என்ற வரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அனுப்பும் முன்பு மூன்றின் மணிநேர அளவையும் மெனுவில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கணினி, கார்டு, எக்ஸ்டெண்டர், கேபிள், லக்ஸ் மீட்டர் இவை சொந்தமாக இருக்கட்டும். இ.டி.ஐ.டி. கோப்புகள், மென்பொருள் அமைப்பு, கட்டப் படங்கள் எல்லாம் அதே கணினியில் பழகியவை. விண்டோஸ் உள்ள எஸ்.எஸ்.டி.யை முழுதாக நகலெடுத்து இன்னொரு எஸ்.எஸ்.டி.யில் வைத்துக் கணினிப் பெட்டியின் உள்ளேயே டேப் போட்டு ஒட்டுங்கள். முதலாவது போனால் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். அதுவரை சுவரில் நிற்க, ஒவ்வொரு புரொஜெக்டரின் லோகோ படமாகவும் வெறும் கறுப்பை ஏற்றி வையுங்கள். பல மாடல்களில் சிக்னல் போனால் நீலத் திரைக்குப் பதிலாக இந்தப் படம் வரும்படி மெனுவில் மாற்றலாம்.